டேப்பும் தராசும் வைத்து உடற்தகுதியைக் கணிப்பது எப்படி: பணியிட நலப் பரிசோதனைக்கு ஒரு வழிகாட்டி

பணியிடத்தில் உள்ள நூறு பேரையும் ஒவ்வொருவராக டிரெட்மில்லில் ஏற்றி, முகத்தில் மாஸ்க் மாட்டி, மூச்சு முட்டும்வரை ஓடவிட்டு உடற்தகுதியை அளப்பது நடக்கிற காரியம் இல்லை. அதற்குக் கருவி வேண்டும், பயிற்சி பெற்றவர் வேண்டும், பக்கத்தில் மருத்துவர் இருக்க வேண்டும், ஆளுக்கு ஒரு மணி நேரம் போகும். அதனால்தான் உயரம், எடை, வயிற்றுச் சுற்றளவு, கொழுப்பு விகிதம் ஆகியவற்றை வைத்தே உடற்தகுதியைக் கணிக்கும் சூத்திரங்கள் உருவாயின. இவற்றுக்கு யாரும் ஓட வேண்டியதில்லை. இன்ச் டேப், எடை மெஷின், சில கேள்விகள் போதும்.

கவனமாகச் செய்தால் இந்த முறை நன்றாக உதவும். கிடைக்கும் எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று தெரியாமல் கையாண்டால், நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும் ஒருவர் மீது 'தகுதி குறைவு' என்ற முத்திரை விழுந்துவிடும். அளக்கும் நர்ஸ், பாதுகாப்பு அலுவலர், நலப் பிரிவில் இருப்பவர் ஆகிய மூவரையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறோம்.

எதைக் கணிக்கிறோம்

உடற்தகுதிக்குப் பல முகங்கள் உண்டு. இங்கே முக்கியமாகக் கணிப்பது விஓ2 மேக்ஸ். கடுமையாக உழைக்கும்போது உடல் ஒரு நிமிடத்தில் அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்பதே அது. ஒரு கிலோ உடல் எடைக்கு, ஒரு நிமிடத்துக்கு இத்தனை மில்லி லிட்டர் என்று சொல்வார்கள். இதயம், நுரையீரல், ரத்தம், தசை நான்கும் சேர்ந்து எவ்வளவு வேலை செய்ய முடியும் என்பதை இந்த ஒரு எண் காட்டும்.

கொழுப்புக்கும் இதற்கும் என்ன தொடர்பு? ஆக்சிஜனை எரித்து அசைவை உண்டாக்குவது தசை. கொழுப்பு அந்த வேலையில் பங்கெடுப்பதில்லை, ஆனால் எடையில் சேர்ந்துகொள்கிறது. 77 கிலோ எடையுள்ள ஒருவரின் உடல் நிமிடத்துக்கு 2.5 லிட்டர் ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது என்றால், கிலோவுக்கு 32.5 மி.லி. வரும். அவர் 7 கிலோ கொழுப்பை மட்டும் இழந்து 70 கிலோவுக்கு வந்தால், இதயமும் தசையும் துளிகூட மாறாமலே அதே எண் 35.7 ஆகிவிடும். உடலமைப்பை வைத்துத் தகுதியைக் கணிக்க முடிவதற்கு இதுவே பெரிய காரணம். கணிப்பின் எல்லையும் இதற்குள்ளேயே இருக்கிறது. 77 கிலோக்காரர் ஒரு பெட்டியைத் தூக்கி மேசை மேல் வைக்கும்போது, அந்த வேலைக்குத் தேவை அவரது மொத்தத் திறன். கிலோவுக்கு எவ்வளவு என்ற கணக்கு அங்கே பெரிதாகப் பொருந்தாது. படியேறுதல், நடத்தல், ஏணி ஏறுதல் போலத் தன் உடலைத் தானே சுமக்கும் வேலைக்குத்தான் கிலோ கணக்கு சரியாக வரும்.

அளப்பதற்கு முன்

நீளாத டேப் ஒன்று, சுவரில் பொருத்திய உயரமானி, கடினமான தரையில் சமமாக வைத்த எடை மெஷின், திரை போட்ட ஓர் இடம், பதிவுத் தாள். கார்பெட் மேல் எடை மெஷினை வைக்காதீர்கள். தரை அமுங்கினால் எடை மாறும். துணி டேப் என்றால் மாதத்துக்கு ஒருமுறை இரும்பு ஸ்கேலோடு ஒப்பிடுங்கள், பழையவை ஒரு சென்டிமீட்டர்கூட நீண்டிருக்கும்.

கர்ப்பிணிகள், கால்வீக்கமோ வயிற்றில் நீரோ உள்ளவர்கள், கை கால் இழந்தவர்கள் ஆகியோருக்கு இந்தச் சூத்திரங்கள் பொருந்தாது. பேஸ்மேக்கர் வைத்தவரை மின்சாரம் பாய்ச்சும் கொழுப்புமானியில் ஏற்றவே கூடாது. இதை அளக்கும் நேரத்தில் கேட்கக் கூடாது, முந்தைய நாளே தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வரிசையில் நிற்கும்போது கேட்டால், கர்ப்பமாக இருப்பதை இன்னும் யாரிடமும் சொல்லாத ஒரு பெண் என்ன பதில் சொல்வார்?

உயரம், எடை, வயிறு

உயரம் அளக்கும்போது செருப்பைக் கழற்றி, குதிகால், பின்புறம், முதுகு மூன்றும் சுவரைத் தொட நிற்கச் சொல்லுங்கள். காதுத் துளையும் கண் குழியின் கீழ்விளிம்பும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். தாடையைத் தூக்கினால் உயரம் குறையும். காலையில் இருக்கும் உயரம் மாலைக்குள் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் குறைந்துவிடும் என்பதால் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர்களே சொல்லும் உயரத்தை எழுதாதீர்கள். பலர் இருபது வயதில் அளந்த உயரத்தையே சொல்வார்கள்.

எடைக்குச் செல்போன், சாவி, பெல்ட், பாதுகாப்பு ஷூ எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். இரும்பு முனை வைத்த ஷூ ஜோடியே ஒரு கிலோவைத் தாண்டும்.

அதிகம் தவறு நடப்பது வயிற்றில்தான். கடைசி விலா எலும்பின் கீழ்விளிம்பையும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பையும் பக்கவாட்டில் விரலால் தொட்டுக் கண்டுபிடித்து, இரண்டுக்கும் நடுவில் அளப்பது உலக சுகாதார நிறுவனத்தின் முறை. பேன்ட் கட்டும் இடமோ தொப்புளோ குறி கிடையாது. தொப்பை சரிந்தவருக்குத் தொப்புள் கீழே போயிருக்கும், பேன்ட்டும் கீழே போயிருக்கும். அங்கே அளந்தால் உண்மையான வயிறு கணக்கில் வராது.

டேப் தோல் மேல் நேராகப் படிய வேண்டும், தோலை அமுக்கக் கூடாது. முன்னால் சரியாக இருந்து முதுகுப் பக்கம் சரிந்திருப்பது அன்றாடத் தவறு. ஒருமுறை சுற்றி வந்து பாருங்கள், அல்லது எதிரே ஒரு கண்ணாடி வையுங்கள். மூச்சை இயல்பாக வெளியே விட்ட கணத்தில் படியுங்கள். "வயித்தை உள்ள இழுக்காதீங்க" என்று சொன்னால் உடனே இழுப்பார்கள். "உங்க பேரைச் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு, சொல்லி முடிக்கும்போது படித்தால் வயிறு தளர்ந்திருக்கும். இரண்டு முறை அளந்து, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாம் முறை அளந்து, நெருக்கமான இரண்டின் சராசரியை எழுதுங்கள்.

அடுத்த பகுதியில் வரும் கொழுப்புச் சூத்திரம் வேறோர் இடத்தில் எடுத்த அளவை வைத்து உருவானது. இடுப்பெலும்பின் மேல்விளிம்பை ஒட்டி அளந்த சுற்றளவு அது. எனவே இரண்டு இடத்திலும் அளந்து 'நடு', 'எலும்பு' என்று தனித்தனியாக எழுதிவிடுங்கள். இருபது விநாடி கூடுதலாகும், அவ்வளவுதான். ஒரே பேரில் எழுதினால் அடுத்த ஆண்டு எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதே தெரியாமல் போகும்.

நடு அளவை உயரத்தால் வகுத்தால் கிடைக்கும் விகிதம் 0.5-ஐத் தாண்டக் கூடாது. அதாவது உங்கள் வயிறு உங்கள் உயரத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. 0.6-ஐத் தாண்டினால் சர்க்கரை நோய், இதய நோய் ஆபத்து கணிசமாகக் கூடும். பிஎம்ஐயை மட்டும் பார்ப்பவர்கள் விட்டுவிடும் பலரை இந்த விகிதம் பிடித்துக்கொடுக்கும்.

பிஎம்ஐ என்பது எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுப்பது. 25-க்கு மேல் அதிக எடை, 30-க்கு மேல் உடல்பருமன் என்பது பொது வரம்பு. ஆசிய மக்களுக்கு 23, 27.5 ஆகிய இடங்களிலேயே எச்சரிக்கை தொடங்கலாம் என்று 2004-இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு பரிந்துரைத்தது. குறைந்த எடையிலேயே கொழுப்பு அதிகமாக இருப்பதுதான் காரணம். இந்தக் கணக்கை 19-ஆம் நூற்றாண்டில் தந்த அடால்ஃப் கெட்லே ஒரு புள்ளியியலாளர். மக்கள் கூட்டத்தின் சராசரியை ஆராய்ந்தவர். 'பிஎம்ஐ' என்ற பெயரை 1972-இல் ஆன்செல் கீஸ் குழுவினர் வைத்தார்கள். தனிமனிதரை எடைபோட இது பிறக்கவில்லை என்பதை மறக்க வேண்டாம்.

கொழுப்பு விகிதம்

வசதியான வழி, 2018-இல் வெளியான சார்புக் கொழுப்புச் சூத்திரம். எடையே தேவையில்லை. உயரமும் எலும்பு ஓரத்து வயிற்று அளவும் ஒரே அலகில் இருந்தால் போதும்.

ஆண்: 64 − (20 × உயரம் ÷ வயிறு)
பெண்: 76 − (20 × உயரம் ÷ வயிறு)

இருவரை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் உயரம் 172 செ.மீ., எடை 77 கிலோ, வயது 40. பிஎம்ஐ இருவருக்கும் 26. முதலாமவரின் வயிறு 84 செ.மீ., இரண்டாமவருக்கு 98. சூத்திரத்தில் போட்டால் முதலாமவரின் கொழுப்பு 23 சதவீதம், இரண்டாமவரின் கொழுப்பு 28.9 சதவீதம். கொழுப்பைக் கழித்தால் முதலாமவரிடம் 59 கிலோ தசை, எலும்பு, உறுப்புகள். இரண்டாமவரிடம் 55 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. எடை மெஷின் இருவரையும் ஒன்றாகப் பார்க்கிறது, டேப் பிரித்துக் காட்டுகிறது.

காலால் மிதித்து நிற்கும் கொழுப்புமானி பல இடங்களில் இருக்கும். மிகச் சிறிய மின்னோட்டத்தை உடல் வழியே செலுத்தி எதிர்ப்பை அளக்கும் கருவி அது. நீர் மின்சாரத்தைக் கடத்தும், கொழுப்பு அவ்வளவாகக் கடத்தாது. கொழுப்பில்லாத திசுவில் சுமார் 73 சதவீதம் நீர் என்ற அனுமானத்தின் மேல்தான் மொத்தக் கணக்கும் நிற்கிறது. எனவே உடலில் நீர் மாறினால் கொழுப்பு மாறியது போலத் தெரியும். நீர் வறண்ட உடலில் எதிர்ப்பு கூடி, கொழுப்பு அதிகமாகக் காட்டும். அளப்பதற்குச் சற்று முன் ஒரு லிட்டர் தண்ணீர் குடித்தவருக்கு எடை ஒரு கிலோ கூடும், எதிர்ப்பு உடனே குறையாது, அந்தக் கிலோவில் பெரும்பகுதியைக் கருவி கொழுப்பில் சேர்த்துவிடும். சாப்பிட்டு 3 முதல் 4 மணி நேரம், கடும் உடற்பயிற்சி முடிந்து 12 மணி நேரம், சிறுநீர் கழித்தபின், எப்போதும் ஒரே நேரத்தில் என்று ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள். காலால் மட்டும் அளக்கும் கருவி பெரும்பாலும் கால்களையும் அடிவயிற்றையும்தான் பார்க்கிறது, மேலுடலை ஊகிக்கிறது. எட்டு மணி நேரம் நின்று வேலை செய்தவருக்குக் காலில் நீர் இறங்கியிருக்கும். ஷிஃப்ட் முடிவில் அவரை அளக்காதீர்கள். இரவு ஷிஃப்ட்காரர்களுக்குக் கடிகாரத்தைப் பார்க்காமல், விழித்து எத்தனை மணி நேரமாயிற்று என்பதைப் பார்த்து நேரம் குறியுங்கள்.

எந்தக் கருவியில் அளந்தீர்களோ அதே கருவியில் மட்டும் ஒப்பிடுங்கள். இரண்டு நிறுவனங்களின் கருவிகள் ஒரே ஆளுக்கு ஒரே காலையில் நான்கைந்து சதவீதம் மாற்றிக் காட்டுவது சாதாரணம்.

உடற்பழக்கக் கேள்வி

இந்தப் பகுதியைத்தான் பலர் ஒப்புக்குச் செய்கிறார்கள். முடிவைப் பெரிதும் அசைப்பது இதுதான். கடந்த ஒரு மாதத்தை மனத்தில் வைத்து 0 முதல் 7 வரை ஓர் எண் தர வேண்டும். இதுதான் பழக்க எண்.

0: நடப்பதையே தவிர்ப்பவர். லிஃப்ட் இருந்தால் லிஃப்ட், சிறு தூரத்துக்கும் வண்டி.
1: விருப்பத்துக்கு நடப்பார், படியேறுவார், எப்போதாவது மூச்சு வாங்கும்படி உழைப்பார்.
2: மிதமான பயிற்சியோ விளையாட்டோ வாரத்தில் 10 முதல் 60 நிமிடம்.
3: அதே மிதமான பயிற்சி, வாரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல்.
4: ஓட்டம், நீச்சல், வேக சைக்கிள் போன்ற கடும் பயிற்சி, வாரத்தில் 30 நிமிடத்துக்குள்.
5: கடும் பயிற்சி 30 முதல் 60 நிமிடம்.
6: கடும் பயிற்சி 1 முதல் 3 மணி நேரம்.
7: 3 மணி நேரத்துக்கு மேல்.

அட்டவணையைக் கையில் கொடுத்து "நீங்களே போடுங்கள்" என்றால் எல்லாரும் ஓரிரு படி மேலே போட்டுவிடுவார்கள். பொய் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் அதில் இல்லை. ஒருகாலத்தில் ஓடியது, வரும் மாதம் ஓடப்போவது எல்லாம் நினைவில் கலந்துவிடுகிறது. "போன வாரம் திங்கட்கிழமை என்ன செய்தீர்கள், செவ்வாய்?" என்று நாள்வாரியாகக் கேளுங்கள். நிமிடங்களைக் கூட்டி, எண்ணை நீங்கள் போடுங்கள்.

ஒரு சிக்கல் உண்டு. இந்த அளவுகோல் பயிற்சியையும் விளையாட்டையும் சுற்றி அமைந்தது. நாள் முழுக்க மூட்டை சுமப்பவர், ஜிம் பக்கமே போகாதவர், இதில் எங்கே வருவார் என்பதற்குத் தெளிவான இடம் இல்லை. அவருக்கு எண் போட்டுக் கணக்கை முடித்துவிடாதீர்கள். 'உடலுழைப்பு வேலை' என்று தனியாகக் குறித்து, கீழே வரும் நடைச் சோதனைக்கு அனுப்புங்கள்.

கணக்கு

விஓ2 மேக்ஸைக் கணிக்க ஜாக்சன் என்ற ஆய்வாளரின் குழு 1990-இல் வெளியிட்ட இரண்டு சூத்திரங்கள் இன்றும் பயன்படுகின்றன. இரண்டிலும் ஆணுக்கு மட்டும் கடைசி எண்ணைக் கூட்ட வேண்டும்.

கொழுப்பு வழி: 50.513 + (1.589 × பழக்க எண்) − (0.289 × வயது) − (0.552 × கொழுப்பு சதவீதம்) + 5.863

பிஎம்ஐ வழி: 56.363 + (1.921 × பழக்க எண்) − (0.381 × வயது) − (0.754 × பிஎம்ஐ) + 10.987

மேலே பார்த்த இருவருக்கும் போடுவோம். முதலாமவர் வாரத்தில் 45 நிமிடம் ஓடுகிறார், பழக்க எண் 5. இரண்டாமவருக்கு 1. கொழுப்பு வழியில் முதலாமவருக்கு 40, இரண்டாமவருக்கு 30.5. பிஎம்ஐ வழியில் 42.1, 34.4.

இனி ஒரு சோதனை. முதலாமவரும் ஓடாதவர், பழக்க எண் 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். கொழுப்பு வழியில் அவருக்கு 33.7 வரும். அதாவது 14 சென்டிமீட்டர் வயிற்று வித்தியாசம் தரும் இடைவெளி ஏறத்தாழ 3. ஓடுவதும் ஓடாததும் தரும் இடைவெளி 6-க்கு மேல். உடலமைப்பு கதையின் ஒரு பகுதியைத்தான் சொல்கிறது. பழக்கத்தைக் கேட்காமல் டேப்பை மட்டும் வைத்து 'இவருக்குத் தகுதி இவ்வளவு' என்று சொல்பவரை நம்ப வேண்டாம்.

தவறுகளின் எடையையும் இதே போலப் போட்டுப் பார்க்கலாம். இரண்டாமவரின் வயிற்றை 98-க்குப் பதில் 96 என்று அளந்துவிட்டால் முடிவு 0.4 மட்டுமே மாறும். பழக்க எண்ணை இரண்டு படி கூட்டிப் போட்டால் 3.2 மாறும். நேரம் குறைவு என்றால் எதில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும் என்பது இதிலிருந்தே தெரியும்.

இன்னொரு கணக்கு: 42 வயதுப் பெண், உயரம் 158 செ.மீ., எடை 64 கிலோ, வயிறு 86 செ.மீ., பழக்க எண் 1. பிஎம்ஐ 25.6, சார்புக் கொழுப்பு 39.3 சதவீதம். பிஎம்ஐ வழியில் 23 வருகிறது, கொழுப்பு வழியில் 18.3. மூவருக்குமே கொழுப்பு வழி குறைவாகத் தருவதைக் கவனித்திருப்பீர்கள். ஜாக்சனின் கணக்கில் கொழுப்பு சதவீதம், தோல் மடிப்பைக் கவ்வி அளந்து வந்தது. சார்புக் கொழுப்புச் சூத்திரம், எக்ஸ்ரே கதிரால் உடலின் கொழுப்பை அளக்கும் டெக்ஸா ஸ்கேனோடு ஒப்பிட்டு அமைக்கப்பட்டது. டெக்ஸா பொதுவாகச் சற்றுக் கூடுதலாகவே காட்டும். ஒரு முறையில் எடுத்த கொழுப்பை இன்னொரு முறைக்காகச் செய்த சூத்திரத்தில் போட்டால் இப்படி ஒரு சாய்வு ஒட்டிக்கொள்ளும். மிதிக்கும் கருவியின் எண்ணைப் போட்டாலும் இதே சிக்கல்தான். எங்கள் யோசனை: இரண்டு வழியிலும் கணக்கிட்டு இரண்டையும் எழுதுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 5-ஐத் தாண்டினால் எதையும் முடிவு செய்யாமல் நடைச் சோதனைக்குப் போங்கள்.

பிழை எவ்வளவு

இந்தச் சூத்திரங்களின் திட்டப் பிழை, கொழுப்பு வழியில் 5.35 மி.லி., பிஎம்ஐ வழியில் 5.7. அதாவது கணிப்பு 30 என்று வந்தால், அப்படி வந்த மூவரில் இருவருக்கு உண்மை 25-க்கும் 35-க்கும் இடையில் எங்காவது இருக்கும். மூன்றாமவர் அதற்கும் வெளியே இருப்பார். 31 வந்தவரை 29 வந்தவரைவிடத் தகுதியானவர் என்று வரிசைப்படுத்துவதில் பொருளே இல்லை.

குழுவுக்கு வேறு கணக்கு. 50 பேரின் சராசரியை எடுத்தால், ஆளுக்கு ஆள் தாறுமாறாக வரும் பிழை 5.35-ஐ 50-இன் வர்க்கமூலத்தால் வகுத்த அளவுக்கு, ஏறக்குறைய 0.76-க்கு, இறங்கிவிடும். கிடங்குப் பிரிவின் சராசரி ஓராண்டில் 31-லிருந்து 33-க்கு வந்தால் அதைப் பேசத் தகுந்த மாற்றமாக எடுக்கலாம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: மேலே சொன்ன சாய்வு, அதாவது எல்லாருக்கும் ஒரே பக்கம் விழும் பிழை, ஆயிரம் பேரை அளந்தாலும் கரையாது. அதனால்தான் டேப், கருவி, அளக்கும் ஆள், நேரம் எதையும் இடையில் மாற்றக் கூடாது என்று வற்புறுத்துகிறோம்.

வேலைக்கு இந்த எண்ணைப் பொருத்துவது

விஓ2 மேக்ஸை 3.5-ஆல் வகுத்தால் மெட் கிடைக்கும். சும்மா உட்கார்ந்திருப்பது 1 மெட், ஒரு வேலை அதைப் போல எத்தனை மடங்கு என்பதை இந்த அலகு காட்டும். எட்டு மணி நேர வேலையில் ஒருவர் சோர்ந்துபோகாமல் தொடர்ந்து செலவிடக்கூடியது தன் உச்ச அளவில் சுமார் மூன்றில் ஒரு பங்கு என்பது வேலையியலில் பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. முதலாமவருக்கு உச்சம் 40 என்றால் 13.3 மி.லி., அதாவது 3.8 மெட். இரண்டாமவருக்கு 2.9 மெட். சமதரையில் சற்று வேகமாக நடப்பதற்கே ஏறக்குறைய 3.5 மெட் ஆகும். நாள் முழுக்க நடந்து பொருள் எடுக்கும் வேலையில் முதலாமவர் மாலையிலும் தெம்பாக இருப்பார், இரண்டாமவர் மதியத்துக்குள் களைத்துவிட வாய்ப்பு அதிகம். 11 முதல் 22 கிலோ சுமையோடு படியேறுவது சுமார் 8 மெட். அது இரண்டாமவரின் உச்சத்தை (8.7) நெருங்கிவிடுகிறது. ஒருமுறை ஏறலாம், நாள் முழுக்க முடியாது.

இங்கே கிடைக்கும் பாடத்தை முதலில் வேலையின் பக்கம் திருப்புங்கள். சுமையைச் சிறியதாகப் பிரிக்க முடியுமா, டிராலி வைக்க முடியுமா, ஓய்வு இடைவேளையை முன்னால் கொண்டுவர முடியுமா? வெயிலும் உலை வெப்பமும் உள்ள இடத்தில் அதே வேலைக்கு இதயம் இன்னும் வேகமாகத் துடிக்கும். சூத்திரத்துக்கு வெப்பம் தெரியாது, உங்களுக்குத் தெரிய வேண்டும். தீயணைப்பு போல 12 மெட், அதாவது 42 மி.லி. வரை கேட்கும் வேலைகளுக்கு இந்தக் கணிப்பு போதவே போதாது. அங்கே மருத்துவ மேற்பார்வையில் நேரடிச் சோதனைதான் வழி.

தசைக்குத் தனியாக இரண்டு சோதனை

கொழுப்பு குறைவாக இருந்தால் எல்லாம் சரி என்று பொருள் இல்லை. ஒல்லியான, தசை வற்றிய ஒருவருக்குச் சூத்திரம் நல்ல எண் தந்துவிடும், ஆனால் ஒரு சிலிண்டரை நகர்த்த அவர் திணறுவார். கொழுப்பில்லாத எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பாருங்கள். ஆணுக்கு 17-க்கும் பெண்ணுக்கு 15-க்கும் கீழே போனால் ஊட்டக்குறையைச் சந்தேகிக்க வேண்டும்.

கைப்பிடி வலுவை டைனமோமீட்டரில் அளக்கலாம். உட்கார்ந்து, முழங்கையை 90 பாகையில் மடித்து, கையை உடம்போடு ஒட்டாமல் மூன்று முறை அழுத்தச் சொல்லி, அதிகபட்சத்தை எழுதுங்கள். பிடியின் அகலத்தை ஆளுக்கேற்ப மாற்றாவிட்டால் சிறிய கைக்காரர்களுக்கு அநியாயமாகக் குறையும். முதியோரின் தசைச் சிதைவைக் கண்டறிய ஆசிய நிபுணர் குழு ஒன்று 2019-இல் வகுத்த வரம்பு ஆணுக்கு 28 கிலோ, பெண்ணுக்கு 18 கிலோ. வேலை செய்யும் வயதில் ஒருவர் அதற்குக் கீழே இருந்தால் தயங்காமல் மருத்துவரிடம் அனுப்புங்கள். கருவி இல்லையென்றால், கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லி நேரம் பாருங்கள். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் கால் வலு குறைவு என்று அதே குழு சொல்கிறது.

நடைச் சோதனை

சந்தேகம் வந்தவர்களுக்கு இது. 30 முதல் 69 வயது வரையானவர்களை வைத்து 1987-இல் அமைத்த முறை. முதலில் நெஞ்சுவலி, மயக்கம், மூட்டுவலி உண்டா என்று கேளுங்கள். ரத்த அழுத்தம் 160/100-ஐத் தாண்டியிருந்தால் அன்று வேண்டாம். பிறகு சமதரையில் 1609 மீட்டரை ஓடாமல் முடிந்தவரை வேகமாக நடக்கச் சொல்லுங்கள். முடித்த கணமே நாடித்துடிப்பை எடுங்கள், அரை நிமிடம் தாமதித்தாலே துடிப்பு இறங்கி, தகுதி கூடிக் காட்டும்.

132.853 − (0.1695 × எடை கிலோவில்) − (0.3877 × வயது) + ஆணுக்கு 6.315 − (3.2649 × நிமிடங்கள்) − (0.1565 × நாடித்துடிப்பு)

நம் இரண்டாமவர் 17 நிமிடம் 30 விநாடியில் முடித்து, துடிப்பு 142 இருந்தால் 31.2 வரும். கொழுப்பு வழியில் வந்த 30.5-ஐ இது உறுதி செய்கிறது. நேரத்தைச் சூத்திரத்தில் 17.5 என்று போட வேண்டும், 17.30 என்று போட்டுவிடுவது எல்லா இடத்திலும் நடக்கும் பிழை. பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவரின் துடிப்பு மருந்தால் அடங்கியிருக்கும், அவருக்கு இந்தச் சூத்திரம் பொய்யாகத் தகுதி கூட்டிக் காட்டும்.

யார் கையில் எந்தத் தாள்

அளவை உரக்கச் சொல்லாதீர்கள். ஒருவர் அளந்து இன்னொருவர் எழுதும்போது எண் காற்றில் போய்விடும், அளப்பவரே எழுதட்டும். திரைக்குப் பின்னால், பெண்களைப் பெண்ணே அளக்க வேண்டும். வேண்டாம் என்பவரை விட்டுவிடுங்கள், காரணம் கேட்காதீர்கள். தனி எண் அந்த ஆளுக்கும் மருத்துவப் பிரிவுக்கும் மட்டும். நிர்வாகத்துக்குப் பிரிவு வாரியான சராசரி போதும், பத்துப் பேருக்குக் குறைவான பிரிவென்றால் அதுவும் வேண்டாம், யார் யார் என்று எளிதில் தெரிந்துவிடும். ஆளெடுக்கவோ பதவி உயர்வுக்கோ இந்த எண்ணைக் கேட்டால் மறுத்துவிடுங்கள். மூவரில் ஒருவருக்குப் பிழை வரம்பைத் தாண்டும் ஒரு கணிப்பை வைத்து ஒருவரின் பிழைப்பைத் தீர்மானிப்பது அநீதி. எடை குறைப்புப் போட்டியும் நடத்த வேண்டாம். பட்டினி கிடந்தும் தண்ணீர் குடிக்காமலும் வந்து நிற்பார்கள், இழப்பது பெரும்பாலும் நீரும் தசையும்தான்.

மறு அளவீட்டை 12 வாரத்துக்கு முன்பு செய்ய வேண்டாம். ஒரு சென்டிமீட்டர் மாற்றத்தை மாற்றமாக எடுக்காதீர்கள், அது டேப்பின் விளையாட்டாக இருக்கலாம். எடை அப்படியே இருந்து வயிறு மூன்று சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் அது நல்ல செய்தி. "எடை குறையவே இல்லையே" என்று அவர் சோர்ந்திருப்பார், எனவே இதை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். எடை வேகமாகக் குறைந்து கைப்பிடி வலுவும் சேர்ந்து இறங்கியிருந்தால், பாராட்டுவதற்கு முன் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.